அமல்தாஸ் யாரு?

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தார்கள்.
எண்ணெய் டேங்கர் வண்டி, ஊர்ந்து ஊர்ந்து.
நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு
அண்ணன் பிறந்த தேதியை
இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

தாமோதரன் மெடிக்கல்ஸில் நேற்றே கைவிரித்துவிட்டார்.
"இன்னா தம்பி, சீட்டு ரெண்டு வருசத்துது.
இந்த மாத்திரைய சும்மா குடுத்தா
கடைக்கு சீல் வெச்சுருவான்."
இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும்
கடன் கொடுக்கிற மனிதர்.

அண்ணன் சோஹாரில் சாரம் கட்டுகிறான்.
பத்தொன்பது நாளைக்கு மாத்திரை மிச்சம்.
அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால்
கம்பெனிக் காகிதத்தில் ஏறிவிடும்
வலிப்பு என்ற சொல்.
அது ஏறினால் அவன் இறங்க வேண்டும்.
அறையில் எட்டுப் பேரிடமும்
சத்து மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறான்.
அசதியாக இருக்கிறதென்று ஒருத்தன்
இரண்டு வாங்கி விழுங்கிவிட்டு
வெள்ளிக்கிழமை முழுக்கத் தூங்கினானாம்.
போனில் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பொட்டலம் எடுத்துப்போகும் மண்ணடி பாய் கறார்:
"புதுச் சீட்டு, சீல், பில்லுல
பாஸ்போர்ட்ல இருக்கற பேரு.
ஓரெழுத்து மாறினாலும் தொட மாட்டேன்.
எனக்கும் புள்ளைங்க இருக்கு."

ஆகவே இன்று நான்தான் அமல்தாஸ்.
வயது முப்பத்தாறு.
சட்டைகூட அவனுடையதைப் போட்டுவந்தேன்,
ஏனென்று தெரியவில்லை.

"அமல்தாஸ் யாரு?"
இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான்
எழுந்திருக்கத் தோன்றியது.

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்.
நூற்று நாற்பத்தெட்டு, தொண்ணூற்றாறு.
"பிரஷர் இருக்கே. உப்பைக் குறைங்க."
அது என்னுடையது.
யார் பெயரிலோ எழுதிக்கொண்டார்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

ஒத்திகையில் இல்லாத கேள்வி.
நான் பார்த்த கடைசி, எம்.சி. ரோடு,
கிறிஸ்துமஸ் துணி எடுக்கிற கூட்டம்.
யாரோ ஓடிவந்து
ஸ்கூட்டர் சாவியை அவன் உள்ளங்கையில் திணித்தார்.
புதுச் சட்டைப் பையாலேயே
வாயோரத்தைத் துடைத்தேன்.

"ஏழு வருசம் ஆச்சு மேடம்."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.
"ஏழு வருசமா ஒண்ணுமே இல்லியா!
அப்ப கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாக்கலாமே."
பேனா ஐந்நூறை அடித்துவிட்டு
இருநூற்றைம்பது எழுதப் போனது.

எனக்குக் கால் கூசியது,
ஐந்தாவது மாடிப் பலகையில் நிற்பதுபோல.

"இல்ல மேடம். போன மாசம் வந்துச்சு.
மறந்துட்டேன்."
"போன மாசம் வந்ததையா மறந்தீங்க?"
"ரெண்டு வேளை மாத்திரை விட்டுட்டேன். அதான்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"என்ன வேலை செய்றீங்க?"
அதற்கும் ஒத்திகை இல்லை.
உண்மை வாயில் தயாராக இருந்தது.
"சாரம் கட்டறது."
"யாராவது சொல்லலியா உங்ககிட்ட?
மேல ஏறவே கூடாது. விழுந்தா யார் பொறுப்பு?"
"ஏற மாட்டேன் மேடம்," என்றேன்.
அது என்னவோ சத்தியம்தான்.
நான் தண்டையார்பேட்டையில் டயருக்கு பஞ்சர் போடுகிறவன்.

ஐந்நூறு. காலை ஒன்று, இரவு ஒன்று. மூன்று மாதம்.
அதன் கீழே இங்கிலீஷில் ஒரு வரி,
கோடு வேறு இழுத்து:
உயரமான இடத்தில் வேலை செய்யக் கூடாது.
அந்த வரியின் வாலைத் தொட்டுக்கொண்டுதான்
வட்டச் சீல் விழுந்தது.

வெளியே வந்து கூப்பிட்டேன்.
சுத்தியல் சத்தம், காற்றுச் சத்தம்.
"டேய், கடைசியா எப்படா வந்துச்சு?"
"மாத்திரை எழுதிக் குடுத்தாங்களா?"
"நான் கேட்டதுக்குச் சொல்லு."
"ரூம்ல கீழ்க் கட்டில் கேட்டு வாங்கிட்டேன்டா.
நீ பயப்படாத."

ஜெராக்ஸ் கடைப் பையன்
கண்ணாடி மேல் சீட்டை வைத்து நீவினான்.
"முழுசாவா அண்ணே,
இல்ல மேல் பாதி மட்டும் போதுமா?"

பின்னால் மறுபடி கேட் போடும் மணி.
டூவீலர்கள் எல்லாம்
குனிந்து குனிந்து நுழைந்துகொண்டிருந்தார்கள்.